அரிசிக்கு வழி கண்ட ஆர். ஜி. சேனநாயக்கா

மன்னார்த் தீவின் தென்கரையிலே தாழ்வுபாடு என்னும் ஊர் கடலை நம்பி வாழ்வது. கரைவலையும் தோணியுமே அங்குள்ளார்க்கு வயலும் ஏரும். சோளகக் காற்று மூண்டெழும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும், வலை கரையேறிவிடும். அம்மணலிலே பனை வளரும், நெல் விளையாது. ஆதலால் அக்கரையிற் காயும் கருவாடு தாம்போதி கடந்து பெருநிலத்திற்குச் செல்லல் வேண்டும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நானாட்டான், முருங்கன் வயல்களின் நெல் அரிசியாகித் தாம்போதி கடந்து தீவிற்கு வரல் வேண்டும். மீனுடையானுக்குச் சோறு வேண்டும். சோறுடையானுக்குக் கறி வேண்டும். இருவரும் தத்தம் தேவையை அறிந்து, மற்றவன் தேவையையும் அறிந்து பேசி முடித்தாலன்றி இரு வீட்டிலும் உலை நிறைவாகக் கொதிக்காது.

இச்சிற்றூரின் நிலை எதுவோ அதுவே ஒரு காலத்தில் இலங்கை முழுவதின் நிலையுமாயிருந்தது. தேயிலையும் றப்பரும் தெங்கும் விளைந்த நாட்டில், உண்ணும் அரிசியிற் பாதிக்குமேல் பிற நாடுகளிலிருந்து வந்தது. 1952ஆம் ஆண்டில் அவ்வரிசி கிடைப்பது அரிதாகி, அதற்குக் கொடுக்கவேண்டிய றப்பரும் விலையிழந்து நின்றபோது, வர்த்தக மந்திரியாயிருந்த ஒருவர் சீனத் தலைநகராகிய பீக்கிங் வரை சென்று பேசி ஓர் உடன்படிக்கை செய்தார். அவரே ஆர். ஜி. எனச் சுருங்க வழங்கப்பெற்ற றிச்சட் கோத்தாபய சேனநாயக்கா.

எமது கல்லூரியின் விழா மலரில் இவர் வரலாறு இடம்பெறுவது கண்டு அன்பர் சிலர் வியப்பெய்தலும் கூடும். இவர் சைவருமல்லர், தமிழருமல்லர். அன்றியும், தமிழ் மக்கள் வேண்டிய உரிமைகளுக்கு எதிர்நின்றவர்களுள் ஒருவர். ஆயினும், உண்ட சோற்றின் வரலாற்றை உண்டவர் அறிந்திருத்தல் முறை. ஒருவர் செய்த நன்மையையும் குறையையும் ஒருங்கே நிறுத்துக் காணும் நடுவுநிலைமை கல்வியின் பயன்களுட் சிறந்ததென எமக்கு இங்கே கற்பிக்கப்பட்டது. அவ்வழி நின்றே இதனை எழுதத் துணிந்தோம்.

சீனத்தோடு வாணிகம் என்பது மன்னார்க் கரைக்குப் புதியதன்று. திருக்கேதீச்சரப் பெருமான் கோயில் கொண்டருளும் மாதோட்டம் பண்டைக்காலத்திற் பெருந்துறைமுகமாய் விளங்கிற்று. மேற்கே பாரசீகம், அரபு நாடுகளிலிருந்தும், கிழக்கே சீனத்திலிருந்தும் வந்த பண்டங்கள் அங்கே கைமாறின. 1980களில் மாந்தையில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சியிற் சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியப் பாண்டத் துண்டுகளும் வெளிப்பட்டன. இன்னும், 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த சீனக் கல்வெட்டொன்று காலியிற் கண்டெடுக்கப்பட்டது. கடற்றலைவன் செங் ஹோ கொணர்ந்த அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பேரரசின் தூதுவர் இத்தீவிற் பேசவேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழை மதித்தனர் என்பதற்கு அக்கல் சான்றாகும். அக்கல் மண்ணினின்று வெளிப்பட்டது 1911ஆம் ஆண்டில், ஆர். ஜி. சேனநாயக்கா பிறந்ததும் அவ்வாண்டிலேயே.

அவர் தந்தையார் எவ். ஆர். சேனநாயக்கா. இவர் சுதந்திர இலங்கையின் முதற் பிரதம மந்திரியாகிய டி. எஸ். சேனநாயக்காவின் தமையனார், மதுவிலக்கு இயக்கத்திலும் தேசிய இயக்கத்திலும் முன்னின்றவர், செல்வத்தைப் பொதுப்பணிக்கு வாரி வழங்கியவர். 1915ஆம் ஆண்டிற் கலகம் மூண்டு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, ஆங்கில ஆட்சியினர் சிங்களத் தலைவர் பலரைச் சிறையிலிட்டனர். எவ். ஆரும் டி. எஸ்ஸும் அவருள் இருந்தனர். அப்பொழுது சேர். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் அஞ்சாது வாதாடியதோடு அமையாது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே ஆபத்து மிகுந்த கடல்கடந்து இலண்டன் சென்று நீதி வேண்டினார். மீண்டுவந்த அவரைக் கொழும்பிலே சிங்கள மக்கள் வண்டியில் ஏற்றித் தாமே இழுத்துச் சென்றனர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆர். ஜி. அப்போது நான்கு வயதுக் குழந்தை. தந்தையார் புத்தகயா யாத்திரை சென்றவிடத்து 1926ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காலமானார். இளமையிலே தந்தையை இழந்த மைந்தர்க்கு அவர் விட்டுச் சென்றவை பெருஞ்செல்வமும் அதனினும் பெரிய பெயருமாம்.

கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்று இங்கிலாந்தில் உயர்கல்வி பெற்ற ஆர். ஜி., குடும்ப மரபின்படி அரசியலிற் புகுந்தார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தம்பதெனியாத் தொகுதியினின்று பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1952 மார்ச் 22ஆம் தேதி சிறிய தந்தையாராகிய டி. எஸ். சேனநாயக்கா காலமாக, அவர் மைந்தர் டட்லி சேனநாயக்கா பிரதம மந்திரியானார். அதன்பின் நிகழ்ந்த தேர்தலில் வென்று அமைந்த மந்திரிசபையில், ஆர். ஜி. வர்த்தக மந்திரிப் பொறுப்பை ஏற்றார். வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது. ஏற்ற பொறுப்போ முள்முடி போன்றது.

அக்காலத்து நெருக்கடியை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1950ஆம் ஆண்டிற் கொரிய யுத்தம் தொடங்கியதும் உலக நாடுகள் றப்பரை வாங்கிக் குவித்தன. விலை வான்முட்ட உயர்ந்தது. இலங்கையின் கருவூலமும் நிறைந்தது. ஆனால் அமெரிக்கா தனக்கு வேண்டிய இருப்பைச் சேர்த்து முடித்ததும் வாங்கும் வேகம் தணிய, 1951ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் றப்பர் விலை சரிந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளிலே ஓரிரு ஏக்கர் வைத்திருந்த சிறு தோட்டக்காரர் பலர் பால் வெட்டும் கூலிக்கும் வழியின்றி இடர்ப்பட்டனர். அதே வேளையில் அரிசியின் விலையோ ஏறிக்கொண்டே போனது. பர்மாவிலும் தாய்லாந்திலும் வாங்குவோர் மிக்கனர். விற்பதற்கு அரிசி குறைந்தது. விற்கும் பொருள் மலிய, வாங்கும் பொருள் அருகிற்று. குடும்பமாயினும் நாடாயினும் இதனினும் கொடிய நிலை வேறில்லை.

அக்காலத்திற் பங்கீட்டு அரிசியைக் கூப்பனுக்குக் கொத்து 25 சதமாக அரசாங்கம் கொடுத்து வந்தது. வெளிநாட்டிற் கொடுத்த விலைக்கும் உள்நாட்டிற் பெற்ற விலைக்கும் இடைப்பட்ட நட்டத்தை அரசே தாங்கிற்று. அந்நட்டம் நாளும் பெருகிற்று. பங்கீட்டின் அளவும் குறைக்கப்பட்டது. வயலில்லாத தாழ்வுபாடு போன்ற ஊர்களில், கூப்பன் அரிசி குறைவதென்றால் அடுப்பிலே பானை சிறுப்பது என்பதே பொருள்.

இலங்கை முதலில் நாடியது அமெரிக்காவையே. வாஷிங்டனில் இலங்கைத் தூதுவராயிருந்தவர் சேர். கிளோட் கொறயா. சிலாபத்திற் பிறந்த இவர், அரசாங்கசபைக் காலத்திலே தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாயிருந்தவர். பொறுமையும் சொல்வன்மையும் மிக்கவர். றப்பருக்கு நியாயமான விலை, அரிசி வாங்குவதற்குத் தாங்கக்கூடிய விலை என்னும் இரண்டையும் இலங்கை வேண்டிற்று. அமெரிக்கரோ, இரண்டும் உலகச் சந்தை விலைக்கே கொள்ளவும் கொடுக்கவும்படும் என்ற நிலையினின்று பெயர்ந்திலர். அவர்க்குச் செயற்கை றப்பர் இருந்தது. மலாயாவும் இந்தோனேசியாவும் விற்கக் காத்திருந்தன. விற்போர் பலராகி வாங்குவோன் ஒருவனாய விடத்து, விலையை வாங்குவோனே தீர்மானிப்பான். கொறயாவின் திறமைக் குறைவினால் அப்பேச்சுத் தோற்றதன்று. அவர் கையிற் கொடுக்கப்பட்ட தராசிலே எதிர்த்தட்டு எடைமிக்கதாயிருந்தமையே காரணம்.

சீனத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1949இற் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்ட அந்நாடு கொரிய யுத்தத்திற் கலந்துகொண்டது. அதனால் 1951 மே மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, யுத்தத்துக்குப் பயன்படும் பொருள்களைச் சீனத்துக்கு விற்றலாகாதெனத் தீர்மானித்தது. றப்பரும் அப்பொருள்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. பிரித்தானியா மலாயாவிலிருந்து சீனத்துக்கு றப்பர் செல்வதைத் தடுத்தது. வண்டிச் சக்கரத்துக்கு றப்பரின்றிச் சீனம் தவித்தது. அதனிடம் அரிசி இருந்தது. உலகில் அதற்குத் தடையின்றி றப்பர் விற்கக்கூடிய நாடு இலங்கை ஒன்றே எனும் நிலை உருவாயிற்று.

இலங்கைக்கு மட்டும் அவ்வுரிமை எவ்வாறு வாய்த்தது? இங்கே விதியின் விளையாட்டொன்றைக் காண்கிறோம். சுதந்திரம் பெற்ற இலங்கை ஐக்கிய நாடுகள் சபையிற் சேர விண்ணப்பித்தபோது, சோவியத் நாடு தன் தடுப்புரிமையைப் பயன்படுத்தி அதனைத் தடுத்தது. 1955 டிசம்பரிலேயே இலங்கை உறுப்புரிமை பெற்றது. ஆகவே 1952இல் அச்சபையின் தீர்மானம் இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. அவமதிப்பாய்த் தோன்றிய வெளிநிறுத்தமே ஆபத்திற் கைகொடுத்தது. மேலும், 1950ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே இலங்கை புதிய சீன அரசை ஏற்று அங்கீகரித்திருந்தது. கதவு தாழிடப்படாதிருந்தது, தள்ளித் திறப்பார் ஒருவரே வேண்டியிருந்தது.

அதனைத் தள்ளித் திறந்தவர் ஆர். ஜி. அக்காலத்து அரசாங்கமோ பொதுவுடைமைக் கொள்கையைக் கடுமையாய் எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கம். சீனத்தோடு பெரு வாணிகம் செய்தால் அமெரிக்காவின் உதவி அறுபடும் என்ற அச்சம் மந்திரிசபையிலேயே இருந்தது. நிதி மந்திரியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா இம்முயற்சியை விரும்பவில்லை. கொள்கைப் பகையைக் காட்டிலும் பசிப்பகை பெரிது என்பதே ஆர். ஜி.யின் துணிவு. பிரதம மந்திரி டட்லியும் அதற்கு இசைந்தார். 1952ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஆர். ஜி. தலைமையில் வர்த்தகத் தூதுக்குழு பீக்கிங் சென்றது.

அங்கு இருசாராரும் ஒருவர் கொள்கையை மற்றவர்மேற் சுமத்த முற்பட்டிலர். பேசப்பட்டவை அளவு, தரம், விலை, காலம், கப்பல் என்பனவே. சீனப் பிரதம மந்திரி சூ என் லாயையும் ஆர். ஜி. சந்தித்தார். ஒக்டோபர் 4ஆம் தேதி முதல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதனோடு, உடனடித் தேவைக்காக 80,000 தொன் அரிசி வாங்குவதற்கும் ஒழுங்கு செய்யப்பட்டது. இவ்வாறு முதலிற் சிறிது வாங்கி, சொன்ன சொல் தவறாது பொருள் வருகின்றதா எனக் கண்டு, பின்னர் நீண்டகால உடன்படிக்கைக்குச் சென்றமை நல்ல வணிகரின் நெறியாகும். அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி ஐந்தாண்டு ஒப்பந்தம் பீக்கிங்கிற் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் றப்பரைக் கொடுப்பதென்றும், சீனம் 270,000 தொன் அரிசியைக் கொடுப்பதென்றும் அதிற் கண்டது. அதாவது ஒரு தொன் றப்பருக்கு ஐந்து தொன்னுக்குமேல் அரிசி என்னும் கணக்கு. ஐந்தாண்டிற் கைமாற இருந்த அரிசி மாத்திரம் பதின்மூன்றரை இலட்சம் தொன். இலங்கையின் றப்பர் விளைவிலே ஏறக்குறையப் பாதிக்கு நிலையான கொள்வோன் கிடைத்தான். இறக்குமதி அரிசியின் பெரும்பங்குக்கு நிலையான கொடுப்போன் கிடைத்தான்.

இவ்வுடன்படிக்கையின் உயிர்நாடி விலையிலே இருந்தது. சீனம் றப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையைக் காட்டிலும் கணிசமான மிகை கொடுக்க இசைந்தது. அரிசியையோ உலகச் சந்தையில் அன்று நிலவிய விலையினும் குறைத்துக் கொடுத்தது. வெளிப்பார்வைக்கு இது சீனத்தின் கொடை போலத் தோன்றும். சீனத்துக்கு வேறு வாயிலில்லை என்பதை ஆர். ஜி. உணர்ந்திருந்தார், இலங்கைக்கு அரிசி இன்றியமையாதது என்பதைச் சீனரும் உணர்ந்திருந்தனர். ஆயினும் எத்தரப்பும் மற்றதன் இடுக்கணைப் பயன்படுத்தி உறிஞ்ச முயலவில்லை. இருவரும் ஆதாயத்தோடு எழுந்தனர். அதனாலேயே அவ்வொப்பந்தம் நிலைத்தது.

அச்சுறுத்தியது வந்தே தீர்ந்தது. கட்டுப்படுத்தப்பட்ட பொருளைப் பொதுவுடைமை நாட்டுக்கு விற்கும் தேசத்திற்கு உதவி வழங்கலாகாதென்னும் அமெரிக்கச் சட்டம் இலங்கையின்மேற் பாய்ந்தது. அமெரிக்க உதவி நின்றது. றப்பர் மரத்து இலைகளைத் தாக்கும் நோய்க்குத் தூவப்படும் கந்தகத்தையும் அமெரிக்கா தர மறுத்தது. சிறு நாடொன்று சொந்த விளைபொருளைத் தான் விரும்பிய இடத்தில் விற்றமைக்காக இத்தண்டனையை ஏற்கவேண்டியிருந்தது. ஆர். ஜி. பின்வாங்கவில்லை. 1956இல் அமெரிக்க உதவி மீண்டும் தொடங்கியது; சீன ஒப்பந்தமும் நின்றுபோகவில்லை. உறுதியாய் நின்றவனிடம் இரு பெரிய வல்லரசுகளும் காலப்போக்கில் இணங்கியே சென்றன.

ஒப்பந்தத்தால் விளைந்த நன்மை நாட்டின் நாற்றிசையிலும் பரவிற்று. தெற்கிலும் சப்பிரகமுவாவிலும் றப்பர்த் தோட்டக்காரரும், பால் வெட்டும் சிங்களத் தமிழ்த் தொழிலாளரும் மூச்சுவிட்டனர். பழைய மரங்களை வெட்டி நல்லின மரம் நடுவோர்க்கு உதவிப்பணம் கொடுக்கும் திட்டம் 1953இல் ஆரம்பமாயிற்று. றப்பர் மரம் ஒன்றேனும் இல்லாத வடபுலத்திலோ, அதன் பயன் சங்கக்கடையிலே சோற்றரிசியாய் வந்து சேர்ந்தது. எங்கோ இரத்தினபுரி மலைச்சாரலில் மழையில் நனைந்து ஒருவன் வெட்டிய பாலும், எங்கோ சீனத்துச் சேற்றில் ஒருவன் நட்ட நாற்றும் கூடி, மன்னார்க் கரையில் வலையிழுப்பவன் உலையிலே கொதித்தன. உலக வாணிகம் எனப் பெரியதாய்ப் பேசப்படுவது ஈற்றில் இத்துணை எளிய செய்தியே.

அரிசி வந்ததும் எல்லாத் துன்பமும் தீர்ந்தனவோ எனின், இல்லை. 1953 ஜூலையில் அரசாங்கம் கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மனம் நொந்த டட்லி அவ்வாண்டு ஒக்டோபரிற் பதவி துறந்தார். வெளிநாட்டில் நல்ல பேரம் பேசி அரிசி கொணர்தல் ஒன்று. அதனை ஏழையின் கைக்கெட்டும் விலையில் உள்நாட்டிற் பகிர்தல் வேறொன்று. முன்னதிலே வென்ற அரசாங்கம் பின்னதிலே தோற்றது.

அதன்பின் பிரதம மந்திரியான சேர். ஜோன் கொத்தலாவலையோடு ஆர். ஜி. முரண்பட்டு 1954இல் மந்திரிப் பதவியை விட்டு நீங்கினார். 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் செய்தது எவரும் செய்யாதது. தமது தம்பதெனியாத் தொகுதியிலும், ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் கோட்டையாகிய களனித் தொகுதியிலும் ஒருங்கே நின்று, இரண்டிலும் வென்று, இரு தொகுதிகளுக்கும் உறுப்பினராய்ப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் மந்திரிசபையில் மீண்டும் வர்த்தக மந்திரியானார்.

முதல் ஒப்பந்தத்தின் ஐந்தாண்டு முடியும் 1957ஆம் ஆண்டில், பொறுப்பு அவர் கையிலேயே இருந்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. கொரிய யுத்தம் ஓய்ந்தது; றப்பர்த் தடை தளர்ந்தது; சீனத்துக்கு வேறு விற்போரும் கிடைத்தனர். றப்பருக்கு முன்போல் மிகைவிலை கேட்பதற்கு நியாயமில்லை. நிலைமை மாறினாற் பேச்சும் மாறல் வேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியில் இரு நாடுகளும் தூதுறவு ஏற்படுத்தின. செப்டெம்பரில் ஒப்பந்தம் மீண்டும் ஐந்தாண்டுக்குச் செய்யப்பட்டது. மிகைவிலை குறைந்து மறைந்த இடத்தில், றப்பர் மீள்நடுகைக்கென ஏழரைக் கோடி ரூபா உதவியைச் சீனம் வழங்க முன்வந்தது. இவ்வாறு காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டு வந்த இப்பண்டமாற்று, 1982ஆம் ஆண்டு வரை முப்பதாண்டு நிலவியது. அதனைத் தொடங்கியவர்கள் பலர் மறைந்த பின்னும், ஆட்சிகள் பல மாறிய பின்னும் அது நின்றது.

மாணவர் அறியவேண்டிய மற்றுமொரு செய்தியுண்டு. நாடுகள் வாணிகம் பேசும் முறை இருவகைப்படும். ஒன்று இரு நாடுகள் தனித்திருந்து பேசுவது. மற்றொன்று பல நாடுகள் ஒரே மண்டபத்திற் கூடிச் சுங்கவரிகளைக் குறைப்பது. 1947இல் ஜெனீவாவிற் பேசி முடிக்கப்பட்ட சுங்கவரி, வர்த்தகப் பொது உடன்படிக்கை பின்வகையைச் சேர்ந்தது. அதனை ஆக்கிய 23 தரப்பினருள் இலங்கையும் ஒன்று. 1948 ஜூலை 29 முதல் அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. வாஷிங்டனில் றப்பருக்கு விலை பெறமுடியாத அதே கிளோட் கொறயா, 1956இல் அவ்வுடன்படிக்கை நாடுகளின் தலைவராய் அமர்ந்தார். பொது மண்டபம் சிறு நாட்டுக்கு மதிப்பைக் கொடுத்தது. பசி வந்த பொழுது அரிசியைக் கொடுத்ததோ தனிப்பேச்சு. இரண்டினையும் அறிந்து, இடமறிந்து பயன்படுத்துதலே அறிவுடைமை.

இனி, கூறாது விடுதற்கியலாத மறுபக்கத்துக்கு வருகின்றோம். பீக்கிங்கிலே இத்துணைப் பெருந்தன்மையோடு கொடுத்து வாங்கிய ஆர். ஜி., உள்நாட்டில் தமிழரோடு கொடுத்து வாங்க ஒருப்பட்டிலர். 1954இல் அவர் பதவி துறந்தபோது, இந்திய வம்சாவளித் தமிழர் பற்றிய நேரு - கொத்தலாவலை உடன்பாட்டை எதிர்த்தே நின்றார். சிங்களம் ஒன்றே ஆட்சிமொழியாதல் வேண்டுமென்றவர்களுள் அவரும் ஒருவர். 1968இற் சிங்கள மகாசனக் கட்சியைத் தோற்றுவித்து, பெரும்பான்மையினர் பெயரால் மேலும் கடுமையாகப் பேசினார். மும்மொழி பொறித்த கல் கிடைத்த ஆண்டிலே பிறந்தவர், ஒருமொழி அரசுக்கு வாதாடினார். யாருடைய துயர் துடைக்க இராமநாதன் கடல் கடந்தாரோ அவர் மகன், இராமநாதன் இனத்தாரின் துயரைக் கேட்கச் செவி தாழ்த்தவில்லை. றப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டிய தமிழனின் உழைப்பும் கப்பலேறிச் சீனம் சென்றதே. அவன் குடியுரிமை மட்டும் பேச்சுக்குரிய பொருளாகத் தோன்றாமற் போனது எமக்கு வருத்தந் தருகின்றது.

எதிர்த்தரப்பின் தேவையை அறிந்து மதித்தலே பீக்கிங்கில் அவர் பெற்ற வெற்றியின் இரகசியம். அந்தச் சீனர் அவர் மதத்தினர் அல்லர், மொழியினர் அல்லர், கொள்கையினர் அல்லர். ஆயினும் அவர்க்கு என்ன தேவை, எதற்கு அஞ்சுகின்றனர், எதனை இழக்க மாட்டார் என்பதனை அமர்ந்து கேட்டறிந்தார். அந்தச் செவியை அயல்வீட்டாரிடமும் சாய்த்திருந்தால், இந்நாட்டின் பிற்கால வரலாற்றிலே ஒரு சில ஏடுகளாவது வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும் என எண்ணாதிருக்க முடியவில்லை. ஒருவருடைய திறமை அவர் வாழ்வின் ஓர் அறையில் விளக்காய் எரிந்து, அடுத்த அறையை இருளில் விட்டுவிடுதலும் உண்டு.

ஆர். ஜி.யின் கடும்பேச்சு அவருக்கும் வெற்றி தரவில்லை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரும் அவர் கட்சியும் தோல்வியுற்றனர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார். இன்று அவருடைய மேடைப்பேச்சுக்களை நினைப்பார் அரியர். றப்பர் - அரிசி ஒப்பந்தமோ, சிறு நாடுகள் பெரிய நாடுகளோடு வாணிகம் பேசும் வரலாறு எங்கே எழுதப்படினும் அங்கே இடம்பெறுகின்றது. மனிதர் பிறரை எதிர்த்துப் பேசியவை அவர்களோடு அழிந்து, பிறரோடு கூடிச் செய்தவை அவர்க்குப் பின்னும் நிற்றல் உலகியல்பு போலும்.

கல்லூரித் தாயின் மடியில் இன்று பயிலும் இளைஞருட் சிலர் நாளை வணிகராவர். சிலர் தூதுவராகவும் மந்திரிகளாகவும் ஆதல் கூடும். அவர்க்கு இவ்வரலாறு மூன்றினை உணர்த்துமென நம்புகின்றோம். பேசப் போகுமுன் தம்மிடம் உள்ளது இன்னதெனவும், மற்றவர்க்கு வேண்டியது இன்னதெனவும் கணக்கிட்டறிக. வலியார் முகஞ்சுளிப்பினும் பசித்தவர் முகத்தை மறவாதிருக்க. சேய்மையிலுள்ளாரோடு எம்முறையிற் பேசுவரோ, அம்முறையிலேயே அண்மையிலுள்ளாரோடும் பேசுக. முதலிரண்டினையும் ஆர். ஜி. சேனநாயக்காவின் வெற்றியிலிருந்து கற்கலாம். மூன்றாவதனை அவர் குறையிலிருந்து கற்கலாம்.

தாழ்வுபாட்டுக் கரையிற் கருவாடு காயும் மணலில் நின்று மேற்கே நோக்கினாற் கடல்தான் தெரியும். கிழக்கே நோக்கினால் அரிசி வரும் தாம்போதியின் திசை. கடலைப் பார்த்து நின்றவர்களின் கலத்திலே சோறு விழுவதற்கு, எத்துணைத் தொலைவில் எத்தனை பேர் அமர்ந்து பேசவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, பேச்சு என்னும் தொழிலின் அருமை விளங்குகின்றது. பேசித் தீர்க்கும் அவ்வாற்றல் எம்மவரிடத்தும் பிறரிடத்தும் பெருகுக.